முதலில் எதை வாங்குவது? நான்கு ஜப்பானியப் பள்ளிக் காதல் மங்காக்கள்

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள் ஒரு தாளோடு வந்து நின்றாள். அதில் நான்கு பெயர்கள்: கிமி நி தொதொகே, ஹோரிமியா, ஓரே மொனோகதாரி, ஆவோ ஹாரு ரைட். "சித்தி, இதுல எதை முதல்ல வாங்கட்டும்?" பிறந்தநாளுக்குச் சேர்ந்த பணம் மூன்று புத்தகங்களுக்குத்தான் வரும். இணையத்தில் தேடினால் நான்கையும் கட்டாயம் படிக்க வேண்டியவை என்று ஒரே வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார்களாம். அதை வைத்து எப்படி முடிவு செய்வது என்றாள்.

நியாயமான கேள்விதான். நான்கும் மங்காக்கள், அதாவது ஜப்பானியப் படக்கதைகள்; ஜப்பானிய உயர்நிலைப் பள்ளியில் நடக்கிற காதல் கதைகள். சீருடை, வாசலில் காலணி மாற்றும் அலமாரி, கலைவிழா, கோடைத் திருவிழா எல்லாம் மாறி மாறி வரும். அட்டையைப் பார்த்தால் ஒன்றைப் படித்தால் போதும், மற்றதும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றிவிடும். உள்ளே போனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆசையைத் தீர்த்து வைக்கிற கதை. அதனால் எது சிறந்தது என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. அவளிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டேன்: "உனக்குக் காத்திருக்கப் பிடிக்குமா?"

ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். ஜப்பானில் ஒரு பையனும் பெண்ணும் சேர்ந்து சுற்றினால் மட்டும் காதலர்கள் ஆகிவிட மாட்டார்கள். யாராவது ஒருவர் நேருக்கு நேர் நின்று, "உன்னைப் பிடித்திருக்கிறது, என்னோடு பழகுவாயா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் சரி என்று சொல்ல வேண்டும். இதற்குக் கொகுஹாகு என்று பெயர். அந்தப் பேச்சு நடந்த நாளிலிருந்துதான் இருவரும் ஜோடி. அதுவரைக்கும் எவ்வளவு பார்வை பரிமாறினாலும் கணக்கில் வராது. பள்ளிக் காதல் மங்கா முழுவதும் இந்த ஒரு வழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. கொகுஹாகுவைக் கதையின் எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் எழுதுபவர் எடுக்கும் பெரிய முடிவு. முதல் தொகுதியிலேயே வைத்துவிடலாம், பத்து தொகுதி தள்ளிப் போடலாம், வைத்தும் வைக்காத மாதிரி நழுவவிடலாம். இந்த நான்கு தொடர்களும் பிரிவது அங்கேதான்.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் நல்லது. பெயர் சொல்லிக் கூப்பிடும் விதம். பள்ளியில் எல்லோரும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், கூடவே குன், சான் என்று ஒரு ஒட்டு சேரும். ஒருவர் முதல் தடவையாகச் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது பெரிய விஷயம். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர் ஒருநாள் 'நீ' என்று சொல்லும்போது மனசுக்குள் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அந்தக் காதோடு படித்தால் ஆங்கில மொழிபெயர்ப்பில்கூட இந்த இடங்கள் தப்பாமல் பிடிபடும்.

கிமி நி தொதொகே

ஷீனா காருஹோ எழுதி வரைந்தது. ஷூஎஷா நிறுவனத்தின் பெஸ்ஸாட்சு மார்கரெட் என்ற மாத இதழில் 2005ல் தொடங்கி 2017ல் முடிந்தது. மொத்தம் 30 தொகுதிகள். 2008ல் ஷோஜோ, அதாவது பெண்பிள்ளைகளுக்கான மங்கா பிரிவில் கொதான்ஷா மங்கா விருது வாங்கியது. தலைப்பை 'உன்னிடம் போய்ச் சேரட்டும்' என்று சொல்லலாம். கதை முழுக்க ஒருத்தி தன் மனசில் இருப்பதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கப் படும் பாடுதான்.

குரோநுமா சாவகோ நீளமான கருங்கூந்தல், வெளிறிய முகம், மெல்லிய குரல். 'ரிங்' பேய்ப்படத்தில் கிணற்றுக்குள்ளிருந்து வரும் சாதகோவின் பெயரை வைத்து வகுப்பில் எல்லோரும் அவளைச் சாதகோ என்றே கூப்பிடுகிறார்கள். அவள் கண்ணை மூன்று வினாடி பார்த்தால் சாபம் பிடிக்கும் என்று ஒரு பேச்சு. அவளோ ஒரு நாளைக்கு ஒரு நல்ல காரியம் என்று தனக்கே விதி வைத்துக்கொண்டு கரும்பலகையைத் துடைக்கிறாள், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். யாரிடமும் கோபமில்லை. பிறர் பயப்படுவது தன் தப்பு என்று நினைக்கிறாள். வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த கஸேஹாயா ஷோத்தா மட்டும் அவளைக் குரோநுமா என்று சரியான பெயரால் கூப்பிடுகிறான்.

பெயரில் ஓர் அழகு இருக்கிறது. சாவகோ என்பதை எழுதும் முதல் எழுத்துக்குப் புத்துணர்ச்சி, இதமான குளுமை என்று பொருள். ஜப்பானியர்கள் ஒரு பையனைப் பார்த்தாலே மனசு லேசாகிறது என்று சொல்ல சாவயாகா என்பார்கள், அதே எழுத்துதான். கஸேஹாயாவை எல்லோரும் புகழ்வது அந்தச் சொல்லால். அவனிடம் இருப்பதாக அவள் வியந்து பார்க்கிற குணம் அவள் பெயரிலேயே இருக்கிறது, ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

வகுப்பில் இருக்கை மாற்றும் அத்தியாயத்தை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. சீட்டுப் போட்டு இடம் மாற்றுகிறார்கள். சாவகோ பக்கத்தில் உட்கார யாருக்கும் மனமில்லை. அவளைச் சுற்றி இருக்கிற மேசைகளுக்கு ஆள் வராமல் வகுப்பு தயங்கி நிற்கிறது. அவள் தலை குனிந்து, மற்றவர்களுக்கு இடைஞ்சல் ஆகிவிட்டதே என்று வருந்துகிறாள். கஸேஹாயா வந்து பக்கத்து இருக்கையில் உட்காருகிறான். பின்னாலேயே வகுப்புத் தோழிகள் யானோ, யோஷிதா, தோழன் சனாதா மூவரும் வருகிறார்கள். பெரிய வசனம் எதுவும் இல்லை. மேசை நாற்காலிகள் நகர்வதுதான் காட்சி. ஒதுக்கப்பட்ட ஒரு பிள்ளையின் பக்கத்தில் யாராவது வந்து உட்காருவது என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாகக் காட்டிய கதையை நான் படித்ததில்லை.

வரைபடத்தில் ஒரு நுட்பம் உண்டு. சாவகோ வேண்டுமென்றே சிரிக்க முயன்றால் முகத்தில் நிழல் விழுந்து பேய் மாதிரி ஆகிவிடும். நினையாமல் சிரித்தால் பூ மாதிரி இருக்கும். சிரிப்பு மூட்டும் இடங்களில் அவளைச் சின்னக் குட்டி உருவமாக, இரண்டு புள்ளிக் கண்களோடு வரைகிறார். அதனால் இவ்வளவு தனிமையைச் சொல்லும் கதை ஒரு இடத்தில்கூட மூச்சுமுட்டுவதில்லை.

முதல் இரண்டு தொகுதிகளில் காதலைவிட நட்புதான் பெரிய கதை. யானோவையும் யோஷிதாவையும் பற்றிப் பள்ளியில் ஒரு கேவலமான வதந்தி கிளம்புகிறது, அதைச் சாவகோதான் பரப்பினாள் என்றும் பேச்சு. தன்னோடு பழகினால் அவர்கள் பெயர் கெட்டுவிடும் என்று அவள் விலகிப் போகிறாள். அப்புறம் ஒருநாள் கழிப்பறையில் சில பெண்கள் அவர்களைத் தாறுமாறாகப் பேசுவது காதில் விழுகிறது. தன்னைப் பற்றி என்ன சொன்னாலும் வாய் திறக்காதவள், அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர்கள் முன்னால் போய் நிற்கிறாள். கை நடுங்குகிறது, நகரவில்லை. கொகுஹாகு வருவதற்கு முன்பே இந்தக் கதையில் ஒரு கொகுஹாகு நடந்துவிடுகிறது, தோழிகளிடம். எனக்குக் கிமி நி தொதொகே மேல் இருக்கிற பாசத்தில் பாதி இந்த ஒரு இடத்துக்காகத்தான்.

குருமி என்கிற போட்டிக்காரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அழகி, கஸேஹாயாவை ரொம்ப நாளாக விரும்புகிறவள், சூழ்ச்சியும் செய்கிறாள். வேறு கதையாக இருந்தால் தோற்று ஓடிப்போயிருப்பாள். ஷீனா அவளை விடவில்லை. பின்னால் இருவரும் சேர்ந்து பல்கலைக்கழகத் தேர்வுக்குப் படிக்கும் அளவுக்கு வருகிறார்கள். முடிந்த பிறகு அவளை மையமாக வைத்துத் தனியாகவே மூன்று தொகுதிகள் வந்தன.

இனி குறை. இருவரும் மனசைச் சொல்லிச் சேர்வதற்குப் பத்தாம் தொகுதியை ஒட்டி வந்துவிடும், இரண்டாம் ஆண்டுப் பள்ளி விழா வரை. அதற்கு முன்னால் ஒரு நீண்ட பகுதி முழுக்க, 'அவன் என்னை விரும்பவில்லை போல', 'அவள் என்னை விரும்பவில்லை போல' என்று இரண்டு பேருமே ஒரே தப்பைச் செய்துகொண்டிருப்பார்கள். மாதம் ஒரு அத்தியாயமாக வந்தபோது அது இதமாக இருந்திருக்கும். ஒரே மூச்சில் படிக்கும்போது உள்ளே புகுந்து இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசவிட வேண்டும் போலிருக்கும். சேர்ந்த பிறகும் இருபது தொகுதி இருக்கிறது. கை பிடிக்கலாமா, அப்பாவிடம் எப்படிச் சொல்வது, பள்ளி முடிந்து யார் எந்த ஊருக்குப் போவது என்று கதை தன் போக்கில் நடக்கும். நடுவில் ஐந்தாறு தொகுதிகள் எனக்கே இழுவையாக இருந்தன. கடைசியில் ஆளாளுக்கு ஊரை விட்டுப் பிரியும் பகுதி அந்த இழுவைக்கெல்லாம் ஈடு கட்டிவிட்டது. யானோ தோக்கியோவுக்குக் கிளம்பும்போது அந்தப் பனிக்காலத்து ஹொக்காய்தோவை நாமும் விட்டுப் போகிற மாதிரி இருந்தது.

ஓரே மொனோகதாரி

கதை கவாஹாரா கஸுனே, வரைந்தவர் அருகோ. இதுவும் மார்கரெட் குடும்பத்து இதழ்தான். 13 தொகுதிகள், 2016ல் முடிந்தது. 2013ல் கொதான்ஷா மங்கா விருது, பின்னர் ஷோகாகுகான் விருது. ஓரே என்றால் நான் என்று பொருள், ஆனால் ஆண்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் முரட்டு நான். 'என் கதை' என்று அப்படிச் சொல்கிற ஆள் கோதா தகேயோ.

பள்ளியில் முதல் ஆண்டு படிக்கும் பையன், பார்த்தால் மல்யுத்த வீரர். இரண்டு மீட்டர் உயரம், தடித்த உதடு, புருவம் ஒரு விரல் அகலம். பெண்கள் பயப்படுவார்கள். அவன் இதுவரை ஆசைப்பட்ட ஒவ்வொரு பெண்ணும் பக்கத்து வீட்டு நண்பன் சுனாகாவாவைத்தான் விரும்பியிருக்கிறாள், ஏனென்றால் சுனா அவ்வளவு அழகு. ஒருநாள் ரயிலில் ஒருவன் ஒரு பெண்ணிடம் அத்துமீறுவதைத் தகேயோ பார்த்துக் கையைப் பிடிக்கிறான். அந்தப் பெண் யாமாத்தோ ரிங்கோ. நன்றி சொல்லக் கேக் செய்துகொண்டு வருகிறாள், மறுபடி வருகிறாள், மறுபடி வருகிறாள். சுனாவைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று தகேயோ தீர்மானித்துவிடுகிறான். அவர்களைச் சேர்த்துவைக்கவும் கிளம்பிவிடுகிறான். அவள் யாருக்காக வருகிறாள் என்பது நமக்கும் சுனாவுக்கும் முதலிலேயே தெரியும்.

மற்ற தொடர்கள் பத்து தொகுதிக்கு நீட்டும் இந்த விஷயம் இங்கே முதல் தொகுதியிலேயே முடிகிறது. இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் பன்னிரண்டு தொகுதிக்கு என்னதான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். சேர்ந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது இருக்கிறது. அதைவிட முக்கியமாக, தகேயோவும் சுனாவும் இருக்கிறார்கள்.

முதல் தொகுதியில் ஒரு இடம். சுனா இதுவரை தன்னிடம் வந்து காதலைச் சொன்ன பெண்கள் எல்லோரையும் மறுத்திருக்கிறான். ஏன் என்று தகேயோவுக்குத் தெரியாது. காரணம் வெளியே வரும்போது சுனா முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொல்கிறான்: அந்தப் பெண்கள் எல்லோரும் தகேயோவின் முதுகுக்குப் பின்னால் அவனைக் கேலி செய்தவர்கள். அவ்வளவுதான். வருடக்கணக்காக ஒருவன் தன் நண்பனுக்காக இதைச் செய்திருக்கிறான், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காதல் கதை வாங்கினால் நட்புக்கதை இலவசமாக வருகிறது என்று சொல்ல மாட்டேன். இந்தத் தொடரில் அந்த நட்புதான் தரை, காதல் அதன் மேல் நிற்கிறது.

ஓவியத்தில் அருகோ செய்த வேலையையும் பார்க்க வேண்டும். தகேயோவின் முகம் பழைய காலத்துப் பையன்கள் மங்காவிலிருந்து எழுந்து வந்த மாதிரி கட்டையாக, கோடு கோடாக இருக்கும். சுற்றிலும் பெண்கள் மங்காவுக்கே உரிய பூக்கள், மின்னும் புள்ளிகள். அவன் யாமாத்தோவைப் பார்த்து மனசுக்குள் பிடித்திருக்கிறது என்று முழங்கும்போது அந்தப் பூக்கள் அவனைச் சுற்றிக் கொட்டும். முதலில் சிரிப்பு வரும். இரண்டாம் தொகுதிக்குள் அந்த முகம் அழகாகத் தெரிய ஆரம்பித்துவிடும். படிக்கிறவர் கண்ணையே மாற்றிவிடுகிறார்கள்.

குறை என்றால் யாமாத்தோவைச் சொல்வேன். அவள் நல்லவள், இனியவள், கேக் நன்றாகச் செய்வாள், அதற்கு மேல் அவளைப் பற்றி ரொம்ப நேரம் கதை கவலைப்படுவதில்லை. யாராவது ஒருவர் புதிதாக வந்து இவர்களில் ஒருவரை விரும்புவதும், பிறகு நல்லபடியாக விலகுவதும் சில தடவை திரும்ப வருகிறது. வலி வேண்டும், அழ வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இது போதாது.

ஹோரிமியா

இதன் பிறப்பே வேறு. ஹீரோ என்ற புனைபெயரில் ஒருவர் தன் இணையதளத்தில் எளிமையான கோடுகளில் வரைந்து போட்டுக்கொண்டிருந்த கதை. அதை ஹாகிவாரா தாய்சுகே புதிதாக வரைய, ஸ்குவேர் எனிக்ஸின் ஜிஃபேன்டசி மாத இதழில் 2011 முதல் 2021 வரை வந்தது. முக்கியக் கதை 16 தொகுதிகள். ஹோரி, மியாமுரா என்ற இரண்டு பெயரையும் ஒட்டினால் தலைப்பு.

ஹோரி கியோகோ பள்ளியில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற பெண். வீட்டுக்கு வந்தால் முடியை மேலே கட்டிக்கொண்டு, தம்பி சோத்தாவைப் பார்த்துக்கொண்டு, துணி துவைத்து, சமைப்பவள். மியாமுரா இஸுமி பள்ளியில் கண்ணாடி போட்டு முடியைத் தொங்கவிட்டு மூலையில் இருப்பவன். அந்த முடிக்கும் சீருடைக்கும் அடியில் காதிலும் உதட்டிலும் வளையங்கள், உடம்பில் பச்சை குத்தியிருக்கிறான். தம்பிக்கு மூக்கில் ரத்தம் வர, யாரோ ஒரு பையன் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறான். கதவைத் திறந்த ஹோரிக்கு அவன் யாரென்று தெரியவில்லை. இப்படி ஆரம்பம்.

பச்சை குத்துவது ஜப்பானில் லேசான விஷயம் இல்லை. பொதுக் குளியலிடங்கள் பலவற்றில் உள்ளே விட மாட்டார்கள், பள்ளியில் தெரிந்தால் பெரிய பிரச்சினை. அதனால்தான் மியாமுரா கோடை வெயிலிலும் நீளக்கை போட்டுக்கொண்டு, நீச்சல் வகுப்பைத் தவிர்த்துக்கொண்டு திரிகிறான். இது தெரியாமல் படித்தால் அவன் எதற்கு இவ்வளவு ஒளிகிறான் என்று புரியாது.

கொகுஹாகு இங்கே நழுவுகிறது. ஹோரி காய்ச்சலில் படுத்திருக்கிறாள். அவள் தூங்குகிறாள் என்று நினைத்து மியாமுரா மெதுவாக மனசில் இருப்பதைச் சொல்கிறான். அவள் தூங்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ நாட்கள் இருவரும் அதைப் பேசாமலே ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், தம்பியோடு விளையாடுகிறார்கள். காதல் ஒரு பழக்கம் மாதிரி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நிஜ வாழ்க்கைக்கு ரொம்பக் கிட்டத்தில் இருப்பது நான்கில் இதுதான். யோஷிகாவா, இஷிகாவா, செங்கோகு என்று சுற்றியிருக்கிற பிள்ளைகளும் நன்றாக வந்திருக்கிறார்கள். ஹோரியிடம் சொல்லி மறுக்கப்பட்ட இஷிகாவா, மியாமுராவுக்கே நெருங்கிய நண்பன் ஆவது எனக்குப் பிடித்த பகுதி.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். ஹோரி மியாமுராவை அடிப்பதும், தன்னிடம் கடுமையாகப் பேசச் சொல்லி அவனை வற்புறுத்துவதும் நகைச்சுவையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அவனுக்கு அது பிடிக்கவில்லை என்று படத்திலேயே தெரிகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினேழு வயதுப் பெண்ணிடம் கொடுக்கும்போது இதைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் கொடுப்பேன். இன்னொன்று, தொடக்கம் போன வேகத்தில் பிற்பகுதி போகாது. பெரிய கதையோட்டம் என்று எதுவும் இல்லாமல் சின்னச் சின்னத் துணுக்குகளாகப் பிரிந்துவிடும்.

ஆவோ ஹாரு ரைட்

சாகிசாகா இயோவின் தொடர், 2011 முதல் 2015 வரை, 13 தொகுதிகள், இதுவும் பெஸ்ஸாட்சு மார்கரெட்டில்தான். இளமைக் காலம் என்பதற்கான ஜப்பானியச் சொல்லை நீலம், வசந்தம் என்று இரண்டு எழுத்தால் எழுதுவார்கள். அதைப் பிரித்துப் படித்தால் ஆவோ, ஹாரு.

யோஷியோகா ஃபுதாபா நடுநிலைப் பள்ளியில் கோ என்ற பையனை விரும்பினாள். கோடைத் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னவன் வரவில்லை, ஊரைவிட்டே போய்விட்டான். உயர்நிலைப் பள்ளியில் மறுபடி பார்க்கிறாள். தனாகா என்றிருந்த குடும்பப் பெயர் மாபுச்சி ஆகிவிட்டது, உயர்ந்துவிட்டான், குரல் மாறிவிட்டது, பேச்சில் பழைய இதம் இல்லை. இடையில் அவன் அம்மாவை இழந்திருக்கிறான். காதல் கதைக்கு அடியில் ஓடுவது அந்தத் துக்கம். ஃபுதாபா அவனை விரும்புவது, துக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்ட ஒருவனின் வாசலில் நிற்பது மாதிரி.

ஓவியம் நான்கில் மிக அழகு. மழைக்கு ஒரு சிறு கோயிலில் ஒதுங்கி நிற்கும் இருவர், ஈர முடி, பேசாத வாய். ஒரு முழுப் பக்கத்தில் வார்த்தையே இல்லாமல் வைத்திருப்பார். ஆனால் கோ கிட்ட வருவான், தள்ளிப் போவான், மறுபடி வருவான். ஆறேழு தொகுதிக்கு மேல் எனக்குக் கோபம் வந்தது. ஃபுதாபாவை விரும்பி இடையில் வரும் கிகுச்சி தோமா அவ்வளவு நல்ல பையனாக இருப்பதால் கோபம் இன்னும் கூடும். முதல் மங்காவாக இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். இரண்டு தொடர் படித்துவிட்டு வருகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

பணமும் திரையும்

நான்குக்கும் ஆங்கிலப் பதிப்பு இருக்கிறது. ஹோரிமியாவை யென் பிரஸ் வெளியிட்டிருக்கிறது, மற்ற மூன்றையும் விஸ் மீடியா. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்த கண்ணுக்கு முதல் இருபது பக்கம் தடுமாறும், அப்புறம் பழகிவிடும். முழுத் தொடரும் வேண்டுமென்றால் கிமி நி தொதொகேயின் 30 தொகுதிகள் மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவு. அலமாரியில் இடமும் அப்படியே.

அனிமே, அதாவது இந்தக் கதைகளின் அசைபட வடிவம், பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வரலாமா என்றும் கேட்டாள். தொடருக்குத் தொடர் பதில் மாறும். கிமி நி தொதொகேயை ப்ரொடக்‌ஷன் ஐ.ஜி. பொறுமையாக எடுத்திருக்கிறது. 2009ல் முதல் பருவம், 2011ல் இரண்டாவது, பிறகு பதின்மூன்று ஆண்டு இடைவெளி விட்டு 2024ல் நெட்ஃபிளிக்ஸில் மூன்றாவது. நீர்வண்ணம் கரைந்த மாதிரியான அந்த நிறங்களுக்காகவே பார்க்கலாம். புத்தகம் வாங்கப் பணமில்லை என்றால் இதைப் பார்த்தாலும் பெரிதாக எதையும் இழக்க மாட்டோம். ஹோரிமியா அனிமே அப்படியில்லை. 16 தொகுதிகளை 13 பகுதிக்குள் 2021ல் அடைத்தார்கள், விட்டுப்போனவற்றுக்காக 2023ல் இன்னொரு தொடர் எடுக்க வேண்டி வந்தது. அதைப் புத்தகமாகப் படிப்பதே நல்லது. ஆவோ ஹாரு ரைட் 2014ல் 12 பகுதியோடு, கதை சூடு பிடிக்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. ஓரே மொனோகதாரிக்கு மாட்ஹவுஸ் 2015ல் எடுத்த 24 பகுதிகள் உண்டு, மனநிறைவாகப் பார்க்கலாம்.

அவள் தாளில் இல்லாத ஒரு பெயரை நான் சேர்த்து எழுதினேன்: ஸ்கிப் அண்ட் லோஃபர். தகாமாட்சு மிசாகியின் தொடர், 2018ல் தொடங்கியது, 2023ல் கொதான்ஷா விருது வாங்கியது. இஷிகாவா என்ற மாநிலத்தின் கடலோரக் கிராமத்திலிருந்து தோக்கியோ பள்ளிக்கு வரும் மிட்சுமி, நன்றாகப் படித்து அரசு அதிகாரி ஆகி, ஆட்கள் குறைந்துகொண்டே போகும் தன் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முழுத் திட்டத்தோடு வருகிறாள். முதல் நாளே ரயிலில் வழி தவறிவிடுகிறாள். அங்கே கிடைக்கிற நண்பன் ஷிமா. காதல் அவசரமே இல்லாமல் வரும். சின்ன ஊரிலிருந்து பெரிய ஊர்க் கல்லூரிக்குப் போகப் போகிற பெண்ணுக்கு இது இன்னும் பொருத்தம். ஆனால் இப்போது அவள் கேட்டது நெஞ்சு படபடக்கிற காதல் கதை, அதனால் இதைக் கல்லூரி தொடங்கும் மாதத்துக்கு ஒத்தி வைத்தோம்.

என் கேள்விக்கு அவள் சொன்ன பதில், "காத்திருப்பேன் சித்தி, ஆனா கடைசில ஏமாத்தக் கூடாது." அந்த ஒரு வாக்கியத்தில் ஆவோ ஹாரு ரைட் பின்னால் போய்விட்டது. காத்திருக்கவே முடியாது என்று சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓரே மொனோகதாரியில் முதல் மூன்று தொகுதி வாங்கச் சொல்லியிருப்பேன். காதல் எப்படி வந்தது என்பதைவிட வந்த பிறகு அன்றாடம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவளாக இருந்தால் ஹோரிமியா.

கடைசியில் மூன்று புத்தகத்துக்கு நாங்கள் போட்ட கணக்கு: கிமி நி தொதொகே முதல் இரண்டு தொகுதிகள், ஓரே மொனோகதாரி முதல் தொகுதி. முதலாவதில் இரண்டும் சேர்த்தே வாங்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். வதந்தி விவகாரம் இரண்டாவதில்தான் தீர்கிறது, ஒன்றோடு நிறுத்தினால் சாவகோ கழிப்பறை வாசலில் நிற்பதைப் பார்க்காமலே போய்விடுவாள். ஓரே மொனோகதாரியின் முதல் தொகுதியோ தனிக்கதை போல அதற்குள்ளேயே முழுமையாக இருக்கிறது, பணம் தீர்ந்தாலும் ஏக்கம் மிஞ்சாது.

புத்தகங்கள் வந்துவிட்டன. கிமி நி தொதொகே இரண்டும் ஒரே ராத்திரியில் முடிந்து, மூன்றாவதற்கு அவள் அம்மாவிடம் பேச்சு நடக்கிறது. ஓரே மொனோகதாரியை நேற்றுதான் எடுத்திருக்கிறாள். சுனா காரணத்தைச் சொல்லும் பக்கம் வந்ததும் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும்வரை ஃபோன் வரவில்லை.